தோலுக்கடியில் ஒரு நூற்றாண்டு: இன்சுலின் உடலுக்குள் போகும் வழிகள்

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையைத் தமிழில் பலர் எழுதிவிட்டார்கள். பான்டிங், பெஸ்ட், அவர்களுடைய நாய்கள், 1923ஆம் ஆண்டின் நோபல் பரிசு, அதை யாருடன் பகிர்வது என்பதில் எழுந்த மனக்கசப்பு எல்லாம் தெரிந்த சங்கதிகள்தான். அவை நடந்த ரொறொன்ரோவிலேயே இருபது வருடங்களுக்கு மேலாக வசிக்கிறேன் என்பதால் நானும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறொன்று. மருந்து கிடைத்து நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஆனால் அந்த மருந்தை உடலுக்குள் சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான அளவில் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. சலரோகம் உள்ளவர்களுடைய நாளாந்தத் துன்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் வருகிறது.

1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறொன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. இரத்தச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் வைத்தது. சாற்றில் அவ்வளவு அழுக்கு. பன்னிரண்டு நாள் கழித்து, கொலிப் என்ற உயிர்வேதியியலாளர் சுத்திகரித்துக் கொடுத்த சாற்றைப் போட்டபோதுதான் பையன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். முதல் நாளிலேயே பிரச்சினை மருந்தில் மட்டுமல்ல, அது போய்ச் சேரும் விதத்திலும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் ஊசி? விழுங்கக் கூடாதா? இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு புரதம். நாம் சாப்பிடும் மீனையும் பருப்பையும் வயிறு என்ன செய்கிறதோ அதையேதான் இன்சுலினையும் செய்யும். துண்டு துண்டாக வெட்டிச் செரித்துவிடும். தப்பித்தவறிக் குடலுக்குப் போனாலும் குடற்சுவர் அவ்வளவு பெரிய மூலக்கூறை உள்ளே விடாது. ஆகவே ஊசி. அதுவும் தினமும் இரத்தக் குழாயைத் தேடிக் குத்த முடியாது என்பதால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில்.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. ஆரோக்கியமான கணையம் தன் இன்சுலினைத் தோலுக்கடியில் விடுவதில்லை. குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயில் விடுகிறது. சர்க்கரையைச் சேமிப்பதும் திறந்துவிடுவதும் ஈரலின் வேலை. ஆகவே இன்சுலின் முதலில் அங்கே போய், ஏறக்குறைய பாதி அங்கேயே செலவாகி, மீதிதான் உடலின் மற்ற பாகங்களுக்குப் போகிறது. உணவு வாய்க்குள் போன சில நிமிடங்களில் சுரப்பு தொடங்கிவிடும். இரத்தத்துக்கு வந்த இன்சுலினில் பாதி ஐந்தாறு நிமிடத்தில் மறைந்துவிடும் என்பதால், கணையம் நினைத்தவுடன் கூட்டலாம், நினைத்தவுடன் நிறுத்தலாம். ஊசியால் போட்ட இன்சுலின் அப்படியல்ல. அது கொழுப்பிலிருந்து ஊர்ந்து இரத்தத்துக்கு வர வேண்டும். ஈரலுக்கு எல்லோரோடும் சேர்ந்து கடைசியில்தான் போகும். போட்டபின் திரும்ப எடுக்கவும் முடியாது. இடமும் பிழை, நேரமும் பிழை. கடந்த நூறு ஆண்டுகளில் வந்த எல்லாக் கருவிகளையும் இந்த இரண்டு பிழைகளையும் சமாளிக்கும் முயற்சிகள் என்றே நான் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் என் பெரியப்பா ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சிரிஞ்சும் இரும்பு ஊசியும் ஒரு சிறு சட்டியில் காலை தோறும் கொதிக்கும். பெரியம்மா தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கும் அதே அடுப்பு. ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு. ஈரமணலில் புதைத்த ஒரு மண்முட்டிக்குள் குப்பி இருக்கும். குத்தினால் நோகாத இடம் என்று வயிற்றின் ஒரே பக்கத்தில் வருடக்கணக்காகப் போட்டு, அங்கே கட்டி போலத் தடித்துவிட்டது. அந்தத் தடிப்புக்குள் போட்ட இன்சுலின் ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது. அவருக்குச் சர்க்கரை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. சாப்பாட்டில் கள்ளம் செய்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நோகாது என்பதற்காக ஒரே இடத்தில் போட வேண்டாம் என்று இன்றைக்கு எந்தத் தாதியும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்.

ஊசி ஊசியாகவே இருக்க, முதலில் மாறியது திரவம். 1936இல் டென்மார்க்கில் ஹாகடோர்ன் என்பவர் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற பொருளை இன்சுலினோடு சேர்த்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லத்தான் கரைந்தன. நாளைக்குப் பல ஊசி என்பது ஒன்றிரண்டாகக் குறைந்தது. 1946இல் அதைச் செம்மைப்படுத்தி உருவாக்கிய கலவைதான் என்.பி.எச். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிவிட்டு எடுக்கச் சொல்வார்களே, அந்தப் பால்நிறத் திரவம். அது இன்றும் உலகெங்கும் பாவனையில் இருக்கிறது.

எதிர்த்திசை வேலை, அதாவது இன்சுலினை வேகமாக்குவது, இன்னும் கடினமாக இருந்தது. டொரத்தி ஹொட்ஜ்கின் 1969இல் இன்சுலினின் வடிவத்தைக் கண்டறிந்தபோது காரணம் தெளிவாயிற்று. குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் தனித்தனியாக இல்லை. நாகத்தைச் சுற்றி ஆறு ஆறாகக் கைகோர்த்து நிற்கின்றன. தோலுக்கடியில் போனபின் அந்தக் கைகள் விடுபட்டு ஒவ்வொன்றாகப் பிரிந்தால்தான் நுண்குழாய்க்குள் நுழைய முடியும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஊசி போட வேண்டியிருந்தது இதனால்தான். மரபணுப் பொறியியல் கைக்கு வந்தபின், சங்கிலியின் முனையில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றிப் போட்டார்கள். கைகோர்ப்பு தளர்ந்தது. 1996இல் விற்பனைக்கு வந்த லிஸ்ப்ரோ அப்படிப் பிறந்தது. சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ளலாம்.

2000ஆம் ஆண்டில் வந்த கிளார்ஜின் இதற்கு நேர்மாறான தந்திரம். குப்பிக்குள் அமிலத்தில் தெளிவாகக் கரைந்திருக்கும். அமிலத்தன்மை இல்லாத நம் தசைநீரைத் தொட்டவுடன் நுண்ணிய படிகங்களாக உறைந்துவிடும். அந்தப் படிகக் குவியலே ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் களஞ்சியம். கருவி என்றால் நமக்குப் பொத்தானும் பாட்டரியும் உள்ள ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. உப்பைப் போல உறையும் இந்தத் திரவமும் ஒரு கருவிதான், அதுவும் மிகச் சிக்கனமான கருவி. இந்த வரிசையில் கடைசியாக வந்தது வாரத்துக்கு ஒரு முறை போடும் ஐகோடெக். இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தில் தொற்றிக்கொண்டு நாட்கணக்கில் சுற்றும். கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் அனுமதித்தன. முதுமையில் தானே ஊசி போட முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு வாரத்துக்குப் போட்டதைப் பாதியில் குறைக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கணையமே இன்சுலின் சுரக்காத முதல் வகைச் சலரோகக்காரருக்குச் சோதனைகளில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது கூடுதலாகக் காணப்பட்டது.

ஊசியின் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் சிரிஞ்சு கொதிக்கும் சட்டியை ஒழித்தது. 1985இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பேனா வடிவில் ஒரு கருவி கொண்டு வந்தது. இன்று பேனாவின் ஊசி 4 மில்லிமீட்டர் நீளம்தான். ஊருக்குப் போய்வருபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இன்சுலின் ஒரு மில்லிலீட்டருக்கு 100 அலகு. இந்தியாவில் குப்பியில் விற்பது பெரும்பாலும் 40 அலகு. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு செம்மஞ்சள் மூடி. 40க்கான சிரிஞ்சில் 100 அலகு இன்சுலினை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் போய்விடும்.

ஊசியே வேண்டாம் என்ற கனவுக்கு நேர்ந்த கதி தனியாகச் சொல்லத் தக்கது. நுரையீரலின் உட்பரப்பு மிகப் பெரியது, மிக மெல்லியது. இன்சுலினைத் தூளாக்கி உள்ளிழுத்தால் இரத்தத்தில் சேரும். 2006 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எக்ஸூபெரா என்ற கருவியை அனுமதித்தது. உலகமே வரிசையில் நிற்கும் என்று ஃபைசர் நிறுவனம் நம்பியது. 2007 அக்டோபரில் அதைக் கைவிட்டு 2.8 பில்லியன் டொலரை நட்டக் கணக்கில் எழுதியது. மருந்து வேலை செய்யவில்லையா? செய்தது. ஆனால் நீட்டித் திறந்தால் அந்தக் கருவி ஒரு பெரிய குழாய். உணவகத்தில் பத்துப் பேர் முன்னிலையில் அதை எடுத்து ஊத யார் துணிவார்கள்? அளவோ அலகில் அல்லாமல் மில்லிகிராமில் இருந்தது. ஒரு மில்லிகிராம் பொட்டலம் மூன்றைச் சேர்த்தால் மூன்று மில்லிகிராம் பொட்டலம் ஒன்றுக்குச் சமமாகவும் இல்லை. தொடங்குமுன் நுரையீரல் சோதனை வேறு. இதற்கிடையில் பேனா ஊசி கிட்டத்தட்ட நோகாத அளவுக்கு மெலிந்திருந்தது. நோயாளிக்கு நோவது ஊசி மட்டும்தான் என்று பொறியியலாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள் போலும். உண்மையில் அவரை வாட்டுவது கணக்கு. எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பாட்டுக்கு, எவ்வளவு மருந்து என்று நாள் முழுக்க ஓடும் மனக்கணக்கு. எக்ஸூபெரா அந்தக் கணக்கைக் குறைக்கவில்லை, கூட்டியது. (2014இல் அஃப்ரெசா என்ற சிறிய கருவி அதே வழியில் வந்தது. விசில் அளவுதான் இருக்கும். விரும்பிப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிலர்தான்.)

கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைப்பது என்ற எண்ணம் பழையது. 1960களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸில் ஆர்னல்ட் கேடிஷ் என்ற மருத்துவர் முதுகுப்பை அளவில் ஒரு பம்பு செய்தார். 1970களில் பயோஸ்டேட்டர் என்ற இயந்திரம் நோயாளியின் இரத்தத்தைத் தொடர்ந்து இழுத்துச் சோதித்து, தானே இன்சுலினைச் செலுத்தியது. அருமையாக வேலை செய்தது. ஆனால் கட்டிலோடு பிணைந்துதான் கிடக்க வேண்டும். 1978இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் சிறு பம்பு ஒன்றால் தோலுக்கடியில் ஓயாமல் சொட்டுச் சொட்டாக இன்சுலின் செலுத்திக் காட்டினார்கள். இன்றைய பம்புகள் அந்த வழியில் வந்தவை.

பம்புக்குக் கை கிடைத்துவிட்டது, கண் இல்லை. விரலைக் குத்தி நாளைக்கு நாலு தரம் பார்ப்பது, ஓடும் படத்தில் நாலு புகைப்படம் பார்ப்பது மாதிரி. கண்ணுக்கான முயற்சிகளில் 2001இல் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரமும் ஒன்று. மெல்லிய மின்னோட்டத்தால் தோலின் வழியே குளுக்கோசை வெளியே இழுத்தது. தோலும் சேர்ந்து எரிந்தது. சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. நிலைத்தது வேறு வழி. மயிரிழை போன்ற ஒரு கம்பியைத் தோலுக்கடியில் செருகி, அதன்மீது பூசிய நொதியின் உதவியால் சில நிமிடத்துக்கு ஒரு முறை குளுக்கோசை அளப்பது. அது அளப்பது இரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. ஆகவே இரத்தத்தில் நடப்பதை ஐந்து, பத்து நிமிடம் பிந்தித்தான் காணும். கண் பிந்துகிறது, கையும் பிந்துகிறது. இரண்டு பிந்தல்களுக்கு நடுவே முன்கூட்டிக் கணித்து முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவெடுக்கும் மூளையை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது எந்த நிறுவனமும் அல்ல. சியாட்டிலில் வசித்த டானா லூயிஸ் என்ற பெண்ணுக்குப் பதினான்கு வயதிலிருந்து முதல் வகைச் சலரோகம். தூக்கம் ஆழமானது. இரவில் சர்க்கரை இறங்கும்போது சென்சரின் அலாரம் அவரை எழுப்பவில்லை. தனியாக வாழ்ந்தார். இரவில் இறங்கும் சர்க்கரை ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோகலாம். அலாரத்தின் சத்தத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்டபோது அது போதுமான சத்தம்தான் என்ற பதில் வந்தது. 2013இல், தன் சிறு மகனின் சென்சர் அளவுகளைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காக ஜோன் கொஸ்டிக் என்ற தந்தை எழுதிய நிரல் அவருக்குக் கிடைத்தது. அதை வைத்துச் சத்தமான அலாரம் செய்தார். பிறகு அளவு எப்படிப் போகும் என்று கணிக்கும் நிரலைச் சேர்த்தார். பின்னாளில் அவருடைய கணவரான ஸ்கொட் லைபிரான்டும், பம்பின் பேச்சைப் பல ஆண்டுகள் செலவழித்து விளங்கிக்கொண்ட பென் வெஸ்டும் கூட்டுச் சேர்ந்தார்கள். கணித்த முடிவைப் பம்புக்கு நேரடியாகவே சொல்லும் அமைப்பு உருவானது. 2015இல் திறந்த வடிவமைப்பாக யாரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள். இவர்கள் பாவித்த பழைய பம்பு வெளியிலிருந்து வரும் ரேடியோக் கட்டளைக்குப் பணிந்தது. அது ஒரு பாதுகாப்புக் குறை. அந்தக் குறையே பின்னர் அந்தப் பம்புகளுக்கு மவுசைக் கொடுத்தது. காலாவதியான பம்புகளைத் தேடி அலைந்தார்கள்.

பகுதித் தானியங்கி முறையில் முதல் வணிகப் பம்பை அமெரிக்கா 2016 செப்டம்பரில் அனுமதித்தது. வீட்டில் செய்த அமைப்புகளை ஆபத்தான விளையாட்டு என்று சொன்ன மருத்துவர்கள் பலர். நியாயமான பயம்தான். 2022இல் நியூசிலாந்தில் 97 பேரை வைத்து நடத்திய ஆய்வு, திறந்த மென்பொருளைப் பாவித்தவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதிகமாகச் சரியான சர்க்கரை அளவில் இருந்தார்கள் என்று காட்டியது. 2023 ஜனவரியில், அந்தச் சமூகத்தில் பிறந்த மென்பொருள் ஒன்றின் முறைப்படுத்திய வடிவத்துக்கு அமெரிக்க நிர்வாகமே அனுமதி கொடுத்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 2024இலிருந்து முதல் வகையினருக்கு இத்தகைய அமைப்பை இலவசமாகப் படிப்படியாகக் கொடுக்கிறது.

ஆனால் இதெல்லாம் உலகின் ஒரு பகுதிக்கு. இன்சுலினின் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டொலருக்கு ரொறொன்ரோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அதே மருந்தை நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் விலை தாங்காமல் பங்கிட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கென்யாவின் வடக்கே ஒரு அகதி முகாமின் வெப்பநிலையை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சோதித்தன. 25 முதல் 37 பாகை வரையான வெப்பத்தில், திறந்த குப்பி நான்கு வாரம் வரை வீரியம் குறையாமல் இருந்ததை 2021இல் வெளியிட்டார்கள். இதைப் படித்தபோது பெரியப்பாவின் மண்முட்டி நினைவுக்கு வந்தது. என்னைக் கேட்டால், முகாமில் இருப்பவர் குப்பியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஊசிக்காகத் தினமும் வைத்தியசாலைக்கு நடக்க வேண்டாம் என்ற அந்தச் சிறு தகவல் எந்தப் புதுப் பம்புக்கும் குறைந்ததல்ல.

விழுங்கும் இன்சுலின் என்ற ஆசையும் விடவில்லை. 2019இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு மாத்திரையைக் காட்டினார்கள். புரட்டிப் போட்டாலும் தானே நிமிரும் ஆமையின் ஓட்டைப் பார்த்துச் செய்த வடிவம். வயிற்றுக்குள் எப்படி விழுந்தாலும் நிமிர்ந்து அடிப்பக்கம் வயிற்றுச் சுவரில் படும். உள்ளே ஒரு சுருள்வில்லைச் சர்க்கரை வில்லை ஒன்று பிடித்து வைத்திருக்கும். அது கரைந்ததும் வில் விடுபட்டு, இறுக்கிய இன்சுலினாலேயே ஆன ஒரு ஊசி வயிற்றுச் சுவரில் குத்தும். அங்கே வலி தெரியாது. பன்றிகளில் வேலை செய்தது. அதே 2019இல், இன்சுலின் அல்லாத வேறொரு சலரோக மருந்தான செமாகுளுட்டைடு மாத்திரையாக வந்தது. ஊசியில் வாரத்துக்கு 1 மில்லிகிராம் போதும். மாத்திரையில் நாளுக்கு 14, அதாவது வாரத்துக்கு 98 மில்லிகிராம். விழுங்குவதில் நூறில் ஒரு பங்குகூட இரத்தத்துக்குப் போவதில்லை. வெறும் வயிற்றில் அரைக் கோப்பைத் தண்ணீருக்கு மிஞ்சாமல் குடித்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வயிறு அவ்வளவு கறாரான காவல்காரன்.

சர்க்கரை ஏறினால் மட்டும் விழித்து, இறங்கினால் தூங்கும் இன்சுலின் வேண்டும் என்ற எண்ணம் 1979இலேயே தோன்றியது. 2024இல் நோவோ நோர்டிஸ்க் ஆய்வாளர்கள் அப்படி ஒரு மூலக்கூறை எலிகளிலும் பன்றிகளிலும் காட்டியிருக்கிறார்கள். இதைவிட நேரான வழி செல்களையே கொடுப்பது. 2000இல் எட்மன்டனில் ஏழு நோயாளிகளுக்கு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து எடுத்த செல்களைக் கொடுத்தார்கள். ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள், பலருக்குச் சில ஆண்டுகள் வரைதான். 2025இல் குருத்தணுவிலிருந்து வளர்த்த செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழிந்தும் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள் என்று ஒரு சிறு சோதனை காட்டியது. இரண்டிலும் செல்களை விட்ட இடம், நான் முன்பு சொன்ன, ஈரலுக்குப் போகும் அந்தக் குழாய். ஆக, நூறு ஆண்டு சுற்றிச் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம். கட்டணம், உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை விடாமல் சாப்பிடுவது.

ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகனுக்கு, அக்காவின் மகனுக்கு, வயது பதினாறு. கையில் சென்சர், இடுப்பில் பம்பு, இரண்டையும் இணைக்கும் மென்பொருள். இப்போது அக்கா இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவன் விரலைக் குத்துவதில்லை. ஆனால் இன்சுலின் இன்னும் தோலுக்கடியில்தான் போகிறது, பிந்தித்தான் வேலை செய்கிறது. அதனால் சாப்பிடுமுன் பம்பு கேட்கும், எத்தனை கிராம் மாச்சத்து என்று. பீட்சாவுக்கும் பர்கருக்கும் பட்டியல் இருக்கிறது. இடியப்பத்துக்கு அவன் வைத்திருந்த பட்டியலில் இடம் இல்லை. அக்கா ஒரு சமையல் தராசு வாங்கி, தன் உரலில் பிழியும் இடியப்பத்தை நிறுத்து, மா எவ்வளவு தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். சொதிக்குத் தனி வரி. புட்டுக்கு இரண்டு வரி, தேங்காய்ப்பூ கூடின நாளுக்கு ஒன்று, குறைந்த நாளுக்கு ஒன்று.